பிள்ளை பெற்றவளுக்கு ஒரு சொம்புத் தண்ணீர்

இந்தக் காலத்தில் பிள்ளை பார்க்க வருகிறவர்கள் பிள்ளையைப் பார்ப்பதில்லை. பெற்றவளையும் பார்ப்பதில்லை. வாசலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு, எங்கள் நகரிப் பக்கம் ஆந்திராவிலேயே நிற்குமா, மெட்ராஸ் ராஜ்யத்தோடு சேருமா என்று கத்துகிறார்கள். உள்ளே ஒரு சிசு தொண்டை கிழிய அழுகிறது. அது எவன் காதில் விழுகிறது?

என் தங்கை மகள் தாட்சாயணிக்குத் தாய் இல்லை. அதனால் தலைப்பிரசவம் மாமியார் வீட்டிலேயே நடந்தது. தாய்மாமன் நான், பூண்டும் பனைவெல்லமும் கட்டிக்கொண்டு புத்தூரிலிருந்து காலை பஸ்ஸில் போய் இறங்கினேன். நடையில் கால் வைக்கும்போதே மாமியார் ரத்னம்மாவின் குரல்.

"பால் இல்லாத மார இன்னாத்துக்கு அது வாயில வெச்சிக்கினு கீற? குடு இங்க! பெரியவ ஆட்டுப்பால் ஊத்தி வளக்கட்டும்!"

பெரியவள் என்றால் மூத்த மருமகள் ஜெயம்மா. மடியில் பிள்ளை இல்லாதவள்.

தாட்சாயணி சுவரோடு ஒட்டிக் கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. கண் குழிக்குள் போயிருந்தது. வயிற்றைப் பழஞ்சேலையால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். பிள்ளை பெற்ற நாளிலிருந்து அவளுக்கு ஒரு பிடி சோறு, மிளகுக் குழம்பு, ஒரு மடக்கு வெந்நீர். அதற்கு மேல் குடித்தால் வயிறு சரிந்துவிடும், புண் ஆறாது என்பது அந்த வீட்டுச் சட்டம். ராவெல்லாம் தூக்கமில்லை, ஈரத்துணி, இரத்தப்போக்கு, காதைத் துளைக்கும் அழுகை... பால் எங்கிருந்து ஊறும்?

"தரமாட்டேன் அத்தை!" குழந்தையை இறுக்கிக்கொண்டாள். பிறகு ஜெயம்மா பக்கம் திரும்பிச் சீறினாள். "அக்கா கண்ணு எப்பவும் இது மேலதான்! வந்து வந்து எட்டிப் பாக்கறது இதப் புடுங்கிக்கத்தான?"

ஜெயம்மாவின் முகம் கறுத்தது.

ரத்னம்மா குழந்தையைப் பறிக்கக் குனிந்தாள். காலில் துணிக்குவியல் இடறியது. அதற்குள்ளிருந்து ஒரு சொம்பு உருண்டு, தரையெல்லாம் தண்ணீர்.

"அடிப்பாவி! திருட்டுத் தண்ணி குடிச்சிக்கினு கீறியா? அதான்டி பால் வத்திப்போச்சு!"

"சத்தியமா நான் வெக்கல அத்தை..."

"கெணத்துலேர்ந்து அதுவா நடந்து வந்துச்சா?"

"நான்தான் வெச்சேன்!"

ஜெயம்மாவின் சத்தத்தில் வாசல் பேச்சே நின்றது.

"விடியக்காலம் இவ அசந்து தூங்கறப்ப வெச்சேன். எனக்கும் ஒண்ணு பொறந்துச்சே, மறந்துட்டியா அத்தை? இதே மூலை. இதே ஒரு மடக்கு வெந்நீ. தண்ணி தண்ணின்னு கத்தினேன்... பால் வத்திச்சி, புள்ள பூடுச்சி. என்னை ராசி கெட்டவள்னு சொன்ன. நானும் நம்பினேன்! மாடு கன்னு போட்டா தொட்டி தொட்டியா தண்ணி காட்டறியே, இவ மாட்ட விடக் கேவலமா?"

"வாய மூடு! எனக்கும் என் மாமியா இப்படித்தான்..." ரத்னம்மா சுவரோரம் ஒதுங்கினாள்.

ஜெயம்மா தண்ணீர்ப் பானையையே தூக்கிவந்து பாயருகே வைத்தாள். தாட்சாயணி குடித்தாள். கழுத்திலும் மாரிலும் வழிய வழியக் குடித்தாள்.

"அக்கா... உன்னப் போயி நான்..."

"மொதல்ல குடி. அப்பால அழு."

நான் ஊர் திரும்பவில்லை. யாரை நம்பிப் போவது? வாசலிலேயே துண்டை விரித்துக் கிடந்தேன். பானை இருக்கிறதா என்று நாளும் எட்டிப் பார்த்தேன். ஒரு நாள் காலை தாட்சாயணியின் ரவிக்கை நனைந்திருந்தது. குழந்தைக்குப் பால் புரையேறியது. இருமிவிட்டு மறுபடி குடித்தது. அப்படியே வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போனது.

ரத்னம்மா அதைப் பார்த்தாள். பொத்தென்று உட்கார்ந்து ஜெயம்மாவைக் கட்டிக்கொண்டாள். "உன் புள்ளைய நான்தான்டி கொன்னுட்டேன்... நான்தான்டி!" மூன்று பெண்களும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். பிறகு ரத்னம்மாவே ஒரு சொம்பு மொண்டு தாட்சாயணி தலைமாட்டில் வைத்தாள்.

"இனிமே பாருண்ணா, இந்த வீட்ல யாருக்கும் தண்ணி இல்லன்னு சொல்ல மாட்டேன்."

அழுவது சுலபம். நான் துண்டை உதறித் தோளில் போட்டேன்.

"உன் கடைசி மவனுக்குக் கல்யாணம் ஆவட்டும். அவன் பொண்டாட்டி புள்ள பெறட்டும். அன்னிக்கு இந்தச் சொம்பு எங்க கீதுன்னு வந்து பாக்கறேன், ரத்னம்மா."

வாசலில் மறுபடியும் எல்லைச் சண்டை தொடங்கியிருந்தது. அவர்களைத் தாண்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.