விருந்தாளி பூட்டிய மெஷின்

1963, புரட்டாசி மாதம். யாரோஸ்லாவ் திருப்பூர் ஸ்டேஷனில் வந்து இறங்கினான். செக்கோஸ்லோவாகியாவிலிருந்து வாங்கிய புது பனியன் மெஷினைப் பாகம் பாகமாகப் பூட்டிக் கொடுக்க வந்தவன். என் வயதுதான் இருக்கும். நான் மாலை வகுப்பில் இங்கிலீஷ் படிப்பதால், அவனை அழைத்துவர முதலாளி பொங்கியண்ணன் என்னைத்தான் அனுப்பினார். அவனுக்கு இங்கிலீஷ் தெரியவில்லை. எனக்கு எவ்வளவு தெரியும் என்பது அதனால் யாருக்கும் தெரியாமல் போயிற்று.

கம்பெனிக்குப் பின்னால் இருந்த முதலாளி வீட்டில் அவனுக்கு ஓர் அறை கொடுத்தார்கள். பதினோரு நாள் நாங்கள் பேசியதெல்லாம் கையாலும் சிரிப்பாலும்தான். முதலாளியின் மனைவி முத்தாத்தாள் அவன் இலையில் ஒப்புட்டுப் போளியை அடுக்கிக்கொண்டே இருப்பார்.

"ஏனுங்கக்கா, போதும்னு சொல்லத் தெரியாதவனை இப்படிக் கொல்றீங்களே," என்றேன்.

"நீ சும்மா இரு கன்னையா. தேசம் விட்டு வந்த கண்ணு, வயிறாரத் திங்கட்டும்."

அவன் வயிற்றைத் தட்டிக்கொண்டு, மூச்சு வாங்க, அதையும் தின்றான்.

ஆயுத பூஜையன்று மெஷினுக்குச் சந்தனம் வைத்து, சுற்றிலும் வாழைக்கன்று கட்டினோம். மறுநாள் முதலாளி மறுபூஜை செய்து சுவிட்சைப் போடும்வரை அதை யாரும் தொடக்கூடாது. இதை அவனுக்குப் புரியவைத்தேனா? புரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

காலை எட்டு மணி.

"தம்பியக் கூட்டிட்டு வா," என்றார் முதலாளி.

அவன் அறைக் கதவை ஒரு தடவை தட்டினேன். பதில் இல்லை. திரும்பிவிட்டேன்.

"தூங்குறானுங்க."

"செரி, நல்ல நேரம் போகுது."

நான் மணி அடித்தேன். அவர் கற்பூரம் காட்டி, கண்ணை மூடிக்கொண்டு சுவிட்சைப் போட்டார்.

மெஷின் சத்தம் மாறியது. ஈரத்துணியைக் கிழிப்பதுபோல.

மணியை நிறுத்தினேன்.

அப்போதுதான் அலறல் கேட்டது.

வெள்ளைத் துணி சிவப்பாக இறங்கியது. வாழையிலைகளுக்குப் பின்னால், மெஷினின் அடிப்பாகத்துக்குள் யாரோஸ்லாவ் தோள்வரை சிக்கியிருந்தான். ஓட்டிப் பார்த்தபோதெல்லாம் துணியில் ஒரு கோடு விழுந்துகொண்டிருந்தது; அதைச் சரிசெய்ய, மெஷின் ஓயும் நாளாகப் பார்த்து உள்ளே புகுந்திருக்கிறான். நாங்கள் போட்ட சோற்றுக்கு அவனுக்குச் செய்யத் தெரிந்தது அதுதான். சுவிட்சை அணைத்த பிறகும் மெஷின் மூன்று சுற்று சுற்றியது. மூன்றாவது சுற்றில் அவன் கழுத்து முழுசாகத் திரும்பிவிட்டது.

கண்கள் என்னைப் பார்த்தன.

கார்த்திகையில் மெஷினைக் கழுவி மறுபடி ஓட்டினோம். துணியில் கோடு விழவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவியும் ரத்த வாடை மட்டும் போகவில்லை.

எட்டாம் நாள் மத்தியானம் கரண்ட் போனது. அறுந்த நூலைக் கோர்க்க முதலாளி கையை உள்ளே விட்டார்.

கரண்ட் இல்லாமலே மெஷின் சுற்றியது.

எலும்பு நொறுங்கும் சத்தம் வாசல்வரை கேட்டது. முழங்கைக்குக் கீழே எதுவும் மிஞ்சவில்லை. ரத்தத்தில் கிடந்தபடி அவர் என் காதருகே கிசுகிசுத்தார்.

"கைய எடுக்க விடலைடா கன்னையா. உள்ளயிருந்து புடிச்சு இழுத்தான்."

"யாருங்க?"

"நம்மூட்டுச் சோறு தின்னவன்."

சுவிட்சைப் போட்டவருக்குக் கை போயிற்று. ஒரு தடவை மட்டும் கதவைத் தட்டியவனுக்கு என்ன போகும்? வேறு எங்கே போவது என்று தெரியாமல் மாலை வகுப்புக்குப் போனேன். நடந்ததை வரிசையாக நோட்டில் எழுதினேன். வாத்தியார் கூப்பிட, கரும்பலகைவரை போய்த் திரும்பினேன்.

என் எழுத்துக்குக் கீழே பதினாலு வரிகள் இருந்தன. மை காயவில்லை.

வாத்தியாரிடம் காட்டினேன். "எழுத்து இங்கிலீஷ் மாதிரிதான் இருக்குது. பாஷை என்னமோ தெரியலையேப்பா," என்றார்.

மன்னித்துவிட்டதாக எழுதியிருக்கிறானா? வரச்சொல்லி எழுதியிருக்கிறானா? ஒரு சொல்லைத்தான் என்னால் வாசிக்க முடிந்தது. என் பெயர். பதினாலு வரியிலும் இருந்தது.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே பதினைந்தாவது வரி தொடங்கியது.