கானிமீடின் புதிய ஆளுநர்

வியாழன் பக்கம் வேலையாகப் போகும் அரசு ஊழியர்கள் எல்லோரையும் போலவே, தில்லைநாயகியும் நீள்துயில் பேழையில் கண்விழித்ததும் தன் பெயரைச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். வேறு எது மறந்திருந்தாலும் பெயர் நினைவிருந்தால் பணியில் சேர்ந்துகொள்ளலாம் என்பது விதி.

கானிமீட் நிலவின் ஆளுநர் நெடுமான், கதிர்ப்புயலில் மூளைத்தகடு கருகிச் செயலிழந்துவிட்டார். அவர் ஓர் இயந்திரர். அடுத்த ஆளுநரான இன்னொரு இயந்திரரைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். பதவியேற்பை முடித்துவிட்டு மகளின் பிரசவத்துக்குள் செவ்வாய்க் கோளுக்குத் திரும்பிவிட வேண்டும்.

இறங்குதளத்தில் படைத்தலைவர் சூசைராஜ் காத்திருந்தார்.

"பெட்டிய எறக்க வேணாம்மா. புது ஆளுநர் ஏற்கெனவே உக்காந்துட்டாரு."

"யாரு?"

"பழையவரோட வாரிசு."

தில்லைநாயகிக்குத் தூக்கிவாரிப்போட்டது. பூமியில் முன்பொரு காலம் சீனத்தைத் தாங் வம்சம் ஆண்டபோது, எல்லை காக்க அனுப்பிய படை ஆளுநர்கள் படையையும் வரியையும் தங்கள் கைக்குள் வைத்துக்கொண்டார்கள். ஒருவன் பேரரசின் மீதே படையெடுத்தான். அந்தக் கலகம் அடங்கிய பிறகும் வடக்கே பல மாகாணங்களில் தகப்பனுக்குப் பின் மகன் பதவிக்கு வந்தான். சிப்பாய்கள் கைகாட்டியவனையே அரசவையும் ஆளுநர் என்று ஒப்புக்கொண்டது. இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் செவ்வாய் அரசு எல்லை நிலவுகளுக்கு இயந்திரர்களை அனுப்பியது. இயந்திரருக்கு ஏது பிள்ளை?

மண்டபத்தில் ஆளுநரின் நாற்காலியில், முழங்கால் உயரமே உள்ள, தரை துடைக்கும் இயந்திரம் ஒன்று உட்கார்ந்திருந்தது. கழுத்தென்று எதுவும் இல்லாததால் சால்வையை அதன் மேல் போர்த்தியிருந்தார்கள்.

"பழையவர செஞ்ச அதே பட்டறை, அதே அச்சு" என்றார் சூசைராஜ். "குரலக் கேளுங்க."

தில்லைநாயகி அதன் முன் குனிந்தாள். "நீதான் ஆளுநரா?"

"இல்லை. எனக்கு ஆளத் தெரியாது. தரை ஈரமாக இருக்கிறது, பார்த்து நடக்கவும்."

சிப்பாய்கள் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "அப்பா மாதிரியே. அதே அடக்கம்" என்றார் ஒருவர்.

"நான் கொண்டுவந்தவர் இதுக்குன்னே பயிற்சி எடுத்தவர்" என்றாள் அவள்.

"நல்லாப் படிச்ச புள்ளையாத்தான் இருக்கும். ஆனா யாரும்மா அது? எங்களுக்குத் தெரியாதே." சூசைராஜின் குரலில் மிரட்டல் இல்லை. ஆனால் செவ்வாய் நகரங்கள் குடிக்க இங்கிருந்து போகும் பனி உருக்கிய நீரின் மதகுகள் அவர் ஆட்களின் கையில் இருந்தன.

"வாரிசுச் சண்டையே வரக்கூடாதுன்னுதானே பிள்ளை இல்லாதவரா பாத்துப் போட்டோம்?"

"அவருக்குப் புள்ள வேணாம், சரி. எங்களுக்கு வேணுமே. அத யாராவது கேட்டீங்களா?"

தில்லைநாயகி செவ்வாயிலிருந்த தலைநகருக்குச் செய்தி அனுப்பினாள். படை அனுப்புவார்கள், தன்னையும் இங்கேயே இருக்கச் சொல்வார்கள் என்று பயந்தாள். செய்தி போய்வர ஆகும் இரண்டு மணி நேரத்திலேயே மறுமொழி வந்துவிட்டது: 'வாரிசை அங்கீகரிக்கிறோம். குடும்பத்தாருக்கு எங்கள் அனுதாபம்.' கீழே முதலமைச்சரின் ஒப்பம். முந்தைய முதலமைச்சரின் மகன் அவர்.

மாலையில் படை அணிவகுத்து நின்றது. சிரிப்பை அடக்க முடியாமல் போய்விடுமோ என்ற கவலையோடுதான் தில்லைநாயகி முத்திரையை எடுத்துக்கொண்டு நாற்காலியை நெருங்கினாள். சுற்றிலும் அத்தனை தலைகளும் தாழ்ந்தன. அவள் தலையும் தாழ்ந்தது. நிமிர்ந்தபோது அந்த இயந்திரத்தைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தாள்.

"நெத்தி அப்படியே அவருதான்" என்றாள் சூசைராஜிடம், மெதுவாக.

தரை துடைக்கும் இயந்திரத்துக்கு நெற்றியே கிடையாது.