வாய் திறந்த சாடிகள்

கதவைச் சாத்திய சத்தம் திரும்பி வரவில்லை.

இரும்புப் பட்டை அடித்த கனமான மரக் கதவு அது. சாத்தினால் சத்தம் நடுக்கூடம் முழுக்க ஓடி, நான்கு தூண்களையும் சுற்றி, குவிமாடத்துக்கு ஏறி, அங்கிருந்து மெல்ல இறங்கி வந்து முதுகைத் தட்டும். வேலை தொடங்கிய புதிதில் அவள் இதைக் கேட்பதற்காகவே கதவைக் கொஞ்சம் ஓங்கிச் சாத்துவாள். இன்று சத்தம் போனது. போனதோடு சரி.

அவளுக்குப் பயம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. காலையிலிருந்து அரசு அலுவலகத்தில் ஒரே ஒரு கையெழுத்துக்காக நாற்காலியைத் தேய்த்துவிட்டு, வெறும் வயிற்றோடும் வெறும் கையோடும் திரும்பியிருந்தாள். விடிந்தால் பிஷப் வருகிறார். இத்தனை வருடம் பூட்டிக் கிடந்த இந்த ஆர்த்தடாக்ஸ் பேராலயத்தில் மறுபடியும் ஆராதனை தொடங்கப்போகிறது. சீரமைப்பு வேலையை எடுத்தது அவளும் கணவனும் நடத்தும் சின்ன நிறுவனம். வரைபடமும் திட்டமும் அவள், சாரமும் சுண்ணாம்புப் பூச்சும் அவன். நாளைக்கு இந்தச் சுவர்கள் ஊமையாக நின்றால் இனி யாரும் அவர்களை ஒரு கோழிக்கூண்டு கட்டக்கூடக் கூப்பிட மாட்டார்கள்.

இந்தச் சபையில் ஆர்கன் கிடையாது, வேறு எந்த வாத்தியமும் கிடையாது. மனிதக் குரல் மட்டும்தான். அதனால் கட்டியவர்கள் சுவரையே வாத்தியமாக்கியிருந்தார்கள். செங்கல் வரிசைகளுக்கு நடுவே வெறும் மண்சாடிகளைப் படுக்கவைத்து, வாய் மட்டும் உள்பக்கம் தெரியும்படி பதித்திருந்தார்கள். பலிபீடத்தின் முன் பாதிரியார் முணுமுணுத்தால் வாசலோரம் நிற்கும் கடைசி ஆளுக்கும் கேட்கும் என்பது அந்தக் காலத்துப் பெருமை. பிறகு ஒரு அரசாங்கம் வந்து வழிபாட்டை நிறுத்தி, கட்டடத்தைத் தானியக் கிடங்காக்கியது. எலி புகாமல் இருக்கச் சாடிகளின் வாயை அப்போதுதான் அடைத்தார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் அதையே நம்பினாள். அடைப்பை எடுத்தால் பழைய குரல் திரும்பிவிடும் என்று அடித்துச் சொல்லித்தான் வேலையை வாங்கினாள்.

ஒவ்வொரு சாடியைத் திறந்ததும் அதன் வாயருகே நின்று ஏதாவது பேசிப் பார்க்க வேண்டும். நல்ல சாடியாக இருந்தால் திருப்பிச் சொல்லும். அவள் வகுத்த முறை இது; பேசியது அவன். ஒரு வாரத்தில் அவன் தொண்டை கட்டிவிட்டது. உப்புத் தண்ணீர் கொப்பளித்தும் பயனில்லை. எதிரொலியோ கூடுவதற்குப் பதிலாகத் திறக்கத் திறக்கக் குறைந்துகொண்டே வந்தது. பலிபீட அறையின் சாடிகளையும் திறந்துவிட்டால் சரியாகிவிடும் என்று அவள்தான் இன்று காலை அவனை அங்கே அனுப்பினாள்.

"எங்க இருக்கீங்க?" என்று கூப்பிட்டாள்.

"இங்கதான்."

குரல் மரத்தடுப்புக்குப் பின்னாலிருந்து வந்தது. தரையிலிருந்து வளைவு வரை அடுக்கடுக்காய்ப் புனிதர்களின் படங்கள் பதித்த அந்தத் தடுப்புதான் கூடத்தையும் பலிபீட அறையையும் பிரித்தது. நடுவில் பாதிரியாருக்கு மட்டுமான இரட்டைக் கதவு, ஓரத்தில் உதவியாளர்களுக்கான சின்னக் கதவு. பெண்கள் அதைத் தாண்டக் கூடாது. உள்ளே இருக்கும் ஒவ்வொரு செங்கல்லையும் புகைப்படத்தைப் பார்த்து வரைந்தவள் அவள்; கால் வைக்க மட்டும் அனுமதி இல்லை. பாதிரியார் அதைச் சிரித்த முகத்தோடு சொன்னதுதான் இன்னும் ஆத்திரமாக இருந்தது. சரி, தாண்ட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாள்.

"தொண்டை சரியாயிடுச்சா? குரல் கணீர்னு இருக்கே."

அவள் தோள் பையை இறக்கிவைத்தாள். பிறகு, "அஞ்சு நிமிஷம், வந்துடறேன்."

உலகத்தின் எல்லாக் கேள்விக்கும் அவன் வைத்திருந்த பதில் அது. மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டபோதும் இதையேதான் சொன்னான். வந்து சேர்ந்தபோது விடிந்துவிட்டது. அவள் பெருமூச்சு விட்டு, தடுப்பின் முன்னிருந்த படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். குவிமாடத்தின் அடியில் வளையமாக இருந்த சன்னல்களிலிருந்து மாலை வெளிச்சம் சாய்வாக இறங்கி, எதிர்ச் சுவரில் சாடிகளின் கறுத்த வாய்கள் மேல் விழுந்து, உள்ளே போகாமல் விளிம்பிலேயே நின்றது. மெழுகும் பழைய சாம்பிராணியும் ஈரச் சுண்ணாம்பும் கலந்த வழக்கமான வாசனை. அதற்கு அடியில் இன்னொன்று. தூங்கி எழுந்த வாயின் வாடை.

தடுப்பின் முன் சங்கிலியில் தொங்கிய எண்ணெய் விளக்கு நடுங்கிக்கொண்டிருந்தது. நடுங்கும், நிற்கும், மறுபடி நடுங்கும். தெருவில் லாரி போகிறது போலிருக்கிறது என்று நினைத்தாள். லாரிச் சத்தம் கேட்கவில்லை.

கைபேசி அதிர்ந்தது. பாடகர் குழுவை நடத்துபவர். ஊரே அவரைப் பாட்டு வாத்தியார் என்றுதான் கூப்பிடும்.

"நேத்து ஒத்திகையில பாடினோம்மா. பக்கத்துல நிக்கிறவன் பாடுறது எனக்குக் கேக்கல. எங்கள என்ன, வாயசைக்கச் சொல்றீங்களா?"

"உள்பக்கச் சாடிங்களும் திறந்தாச்சு சார். இனிமே கேக்கும்."

"வீட்டுக்குப் போற வழிதான். ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போறேனே."

இவர் வேறு வந்து தலையில் உட்காரப் போகிறாரா என்று அவளுக்கு உள்ளே கொதித்தது. எழுந்து தடுப்பின் அருகே நின்று, முடிந்த அளவு தேன் தடவி, "எல்லாம் முடிஞ்சுது சார். நீங்க வீட்டுக்குப் போங்க, நாளைக்குப் பாக்கலாம்" என்றாள். அவர் என்னவோ முணுமுணுத்துவிட்டு வைத்தார். அவள் கைபேசியைப் படியில் வீசாத குறையாக வைத்தாள்.

"கேட்டீங்களா? வாத்தியார் உயிர வாங்குறாரு. வெளிய வாங்க, கூட்டிப் பெருக்கணும், சாரம் பிரிக்கணும்."

"இங்கதான்."

"இங்கதான்னா? நான் என்ன கேட்டேன், நீங்க என்ன சொல்றீங்க?"

"அஞ்சு நிமிஷம், வந்துடறேன்."

"விளையாடாதீங்க. வண்டிச் சாவி எங்க?"

"இங்கதான்."

இவரிடம் பேசுவதற்குச் சுவரிடம் பேசலாம் என்று நினைத்தாள். கோபத்தில் துடைப்பத்தை எடுத்துத் தரையைப் பெருக்க ஆரம்பித்தாள். இரண்டு இழுப்பு இழுத்தபின்தான் கை நின்றது. கல்தரையில் ஈர்க்கு உரசும் சத்தம் இல்லை. மறுபடி இழுத்துப் பார்த்தாள். தூசி நகர்ந்தது. சத்தம் இல்லை. குதிகாலால் தரையை உதைத்தாள். வலித்தது. சத்தம் இல்லை.

வெளிச்சம் சுவரில் ஏறிக்கொண்டே போய் சன்னல் வழியாக வெளியேறியது. குவிமாடத்தின் உச்சியில் ஈரம் தின்ற கிறிஸ்துவின் முகத்தில் ஒரு கண் மட்டும் மிச்சம் இருந்தது. விளக்கு நடுங்கியது. நின்றது. நடுங்கியது.

"ஏங்க." குரலை அவளே அடக்கிக்கொண்டாள். "நாளைக்கு பிஷப் எப்ப வர்றாரு?"

"அஞ்சு நிமிஷம், வந்துடறேன்."

ஒரே ஏற்றம், ஒரே இறக்கம், ஒரே இடத்தில் மூச்சு.

அவள் தடுப்பின் சின்னக் கதவை நெருங்கினாள். மரத்தில் காதை வைக்கப் போனவள் வைக்கவில்லை. உள்ளேயிருந்து கணவன் பேசினான், நடுவில் ஒரு இருமலோடு.

"இன்ஜினியரம்மா, இங்க அடைப்பு மேலயே ஓவியம் இருக்கு. ஒரு சாமியார்..." இருமல். "...உதட்டுல விரல் வெச்சுக்கிட்டு நிக்கிறாரு. ஒவ்வொரு சாடி மேலயும் ஒருத்தர். கிடங்குக்காரனா படம் வரைஞ்சிருப்பான்? தொடவா, வேணாமா?"

அது காலையில் அவன் சொன்னது. அதே சொற்கள், அதே கேலி, அதே இடத்தில் இருமல். அவளுக்கு அப்போது அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டது. யோசிக்கப் பொறுமை இல்லை. எலிக்குப் பயந்தவன் புனிதரை வரைய மாட்டான் என்று அவளுக்கும் ஒரு கணம் தோன்றியது. ஆனாலும் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று, பையைத் தோளில் மாட்டியபடியே ஒரு பதில் சொன்னாள்.

உள்ளேயிருந்து அந்தப் பதிலும் வந்தது. அவளுடைய குரலில்.

"ஓவியத்த அப்புறம் ஒட்டிக்கலாம். உடைச்சுடுங்க."

கையிலிருந்து துடைப்பம் விழுந்தது. விழுந்ததைப் பார்த்தாள். கேட்கவில்லை.

வாக்காவது ஒன்றாவது. கதவைத் தள்ளினாள்.

உள்ளே அரைவட்டச் சுவர். சாரத்தில் மாட்டிய வேலைவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. உதட்டில் விரல் வைத்த புனிதர்கள் வரிசையாக நின்றார்கள். எல்லோருக்கும் மார்புக்குக் கீழே பூச்சு உடைக்கப்பட்டு, ஒவ்வொரு உடைப்பிலும் ஒரு சாடியின் வாய். சாரத்தின் கீழ்ப் பலகையில் கணவன்.

அவன் கத்திக்கொண்டிருந்தான்.

வாய் பிளந்திருந்தது. கழுத்து நரம்புகள் புடைத்திருந்தன. முகம் கண்ணீரிலும் சுண்ணாம்பிலும் ஊறி வெளுத்திருந்தது. வலது கை தோள் வரை சாடிக்குள் போயிருந்தது. இடது கையில் கொத்து உளி. அதன் பிடியால், மரத்தடுப்பைச் சுவரோடு பிணைத்திருந்த உத்தரத்தை இடித்துக்கொண்டிருந்தான். இடிப்பான், நிறுத்துவான், இடிப்பான். பிடியெல்லாம் ரத்தம். அவள் படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றியபோதும் இடித்துக்கொண்டிருந்தான். வண்டிச் சாவியைக் கேட்டபோதும்.

அவனிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை.

"இங்கதான்" என்றது அவன் தலைக்கு மேலிருந்த சாடி, சாவகாசமாக.

அவள் ஓடிப்போய் அவன் தோளைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. அந்தச் சாடியை வரைந்தவள் அவள். அதன் ஆழம் அவளுக்குத் தெரியும். ஒரு முழம்கூட இல்லை. முழங்கையோடு முட்டியிருக்க வேண்டிய கை. சாடியின் விளிம்பு ஈரமாக இருந்தது. வெதுவெதுப்பாக இருந்தது.

"ஏங்க" என்றாள். தொண்டை அசைந்தது. உதடு அசைந்தது. அவ்வளவுதான்.

அவன் உளியைப் போட்டுவிட்டு அவள் மணிக்கட்டைப் பற்றினான். தண்ணீரில் மூழ்குகிறவன் பிடிக்கிற பிடி. இருங்க, ஆள் கூட்டிட்டு வரேன் என்று சொன்னாள். சொல்ல முடியவில்லை. விரல்களைப் பிரித்துப் பார்த்தாள். அவன் விடவில்லை.

பின்னால் தானாக முக்கால்வாசி மூடிக்கொண்ட சின்னக் கதவின் இடுக்கில் தெருவிளக்கின் வெளிச்சக் கோடு ஒன்று விழுந்தது. வாசலில் பெரிய கதவை யாரோ திறந்திருக்கிறார்கள்.

"யாரும்மா உள்ள?" பாட்டு வாத்தியாரின் குரல். "மனசு கேக்கல. அதான் எட்டிப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

அவள் கத்தினாள். இருக்கிற உயிரையெல்லாம் திரட்டிக் கத்தினாள். காலை நீட்டி மரத்தடுப்பை உதைத்தாள். உதைத்தாள். மறுபடி உதைத்தாள். கதவிடுக்குக்கு அப்பால் எண்ணெய் விளக்கு நடுங்கியது.

அவள் முகத்துக்கு நேரே இருந்த சாடி பேசியது. நிதானமாக, தேன் தடவிய அவளுடைய குரலில்.

"எல்லாம் முடிஞ்சுது சார். நீங்க வீட்டுக்குப் போங்க, நாளைக்குப் பாக்கலாம்."

கூடத்தில் வாத்தியார் மனம் நிறைந்து சிரித்தார்.

"அடேயப்பா. காதுக்குள்ள வந்து சொன்ன மாதிரி இருக்கு. நல்லா பண்ணிருக்கீங்கம்மா. வரேன்."

வெளிச்சக் கோடு மெலிந்தது. நூலானது. போய்விட்டது. வேலைவிளக்கின் மஞ்சள் வட்டத்துக்குள் இரண்டு பேரும் வாயைத் திறந்து நின்றார்கள். சாடி அவன் தோளை இன்னும் ஒரு விரல் அளவு உள்ளே இழுத்துக்கொண்டது.