முன்வாசல் புல்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு ஓசூரில் அந்த வீட்டுக் கூடத்தில் நான்கு பேர் இருந்தார்கள். சோபாவின் ஓரத்தில், எந்த நேரமும் எழுந்து ஓடிவிடுபவன் போல ராஜ்குமார். எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவன் மனைவி அருணா. பேசித் தீர்ப்பதற்கென்றே கெலமங்கலத்திலிருந்து வரவழைக்கப்பட்ட தாய்மாமன் திம்மராயன், மின்விசிறிக்கு நேர் கீழே. ராஜ்குமாரின் அம்மா செல்வம்மாள் மட்டும் யார் சொல்லியும் கேளாமல் வாசற்படியில், பாதங்கள் வெளியே புல்லில் பட உட்கார்ந்திருந்தாள்.

டீப்பாய் மேல், கடைக்காரன் மாதிரிக்குக் கொடுத்த பிளாஸ்டிக் புல் துண்டு சாண் அகலத்துக்குக் கிடந்தது.

"புல்லைப் பத்திப் பேசத்தானே கூப்பிட்டீங்க? பேசுங்க," என்றார் திம்மராயன்.

"தண்ணி லாரிக்கு நாம காத்துக் கெடக்குறோம், புல்லுக்கு எங்கேர்ந்து ஊத்தறது? பிளாஸ்டிக்கு போட்டுடலாம்னு இவரு சொன்னாரு, நானும் சரின்னேன். அத்தைக்கு அது பொறுக்கல! என்னா பண்ணாங்க தெரியுமா? அருவாளை எடுத்துக்கினு இவரோட மேனேஜர் வீட்டுக்கே போயி கூலிக்குப் புல்லு வெட்டிட்டு வந்திருக்காங்க. ரெண்டு வாரம்! பக்கத்து வீட்டு சத்யப்ரியா கேக்குறா... 'மாமியாருக்கு நீங்க சோறு போடறதில்லையா'ன்னு. நான் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுக்குவேன்?"

செல்வம்மாள் கறை படிந்த விரல்களை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். புருஷன் முனிவேல் போன பிறகு ரோஜாப் பண்ணையில் களை பிடுங்கி, மகனை டிப்ளமோ வரை படிக்க வைத்த விரல்கள். அவற்றை அவள் ஒருநாளும் மறைத்ததில்லை. இந்த ஒரு மாதமாகத்தான்...

"அக்கா, வாயத் தொறந்து ஏதாச்சும் சொல்லேன்!"

"போனேன்டா தம்பி. எம்மேலதான் தப்பு. அவங்க இஷ்டம் போல பிளாஸ்டிக்கே போடட்டும்... நான் உன்கூடவே வந்துடறேன்."

படியோரத்தில் கட்டைப்பை தயாராக இருந்தது. மடித்த சேலைகளுக்கு மேல் அந்த அரிவாள்.

அதைப் பார்த்ததும் ராஜ்குமார் எழுந்தான். எழுந்தவன் மறுபடியும் உட்கார்ந்தான்.

"அம்மா தானாப் போவல மாமா... நான்தான் கொண்டுபோய் விட்டேன்."

அருணா திரும்பிப் பார்த்தாள்.

"நீ சிங்காரப்பேட்டைக்குப் போயிருந்தப்ப மேனேஜர் சார் பத்திரிகை வெக்க வந்தாரு. அம்மா வாசல்ல குந்திக்கினு புல்லு வெட்டிட்டிருந்துச்சு. 'தோட்டக்காரம்மா நல்லா வெட்டுதே, நம்ம வீட்டுக்கும் அனுப்புப்பா'ன்னாரு. எங்கம்மான்னு சொல்லியிருக்கலாம்... ப்ரமோஷன் லிஸ்ட் அவரு கையில. 'அனுப்பறேன் சார்'னுட்டேன்."

அன்று இரண்டடி தூரத்தில் நின்ற செல்வம்மாள், மகன் பேச்சு விழுந்துவிடக் கூடாதென்று "வரேங்க சார்" என்றிருந்தாள். எவ்வளவு பழக்கமாக வாயில் வந்தது அந்தச் சொல்! மகன் சொன்னதைவிட அதுதான் அவளைக் கூசச் செய்தது. அடுத்த ஞாயிறு அவளை பைக்கில் ஏற்றிப் போனவன், அந்த வீடு வரை போகவில்லை. தெருமுனையிலேயே இறக்கி, "அந்தப் பச்சை கேட்டும்மா" என்று கைகாட்டிவிட்டுத் திரும்பிப் பாராமல் போய்விட்டான்.

"அப்ப இந்தப் பிளாஸ்டிக் புல்லு? தண்ணிக்காக இல்லையா?" அருணாவின் குரல் இறங்கியிருந்தது.

"புல்லு இருந்தா அம்மா அருவாளோட வாசல்ல உக்காரும்... வர்றவங்க பாப்பாங்க..."

"த்தூ! மனுசனாடா நீ?" திம்மராயன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "பெத்தவளை மூடி மறைக்க பிளாஸ்டிக்கு தேடிக்கினு அலைஞ்சியா!"

அருணா ஓடிப்போய் வாசற்படியில் விழுந்து மாமியாரின் கைகளைப் பிடித்துக்கொண்டாள். "எதுக்கு அத்தை இத்தனை பேச்சையும் வாங்கிக்கினீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா!"

"உன் புருசனை உன்கிட்டயே எப்படிம்மா எறக்கிப் பேசுவேன்..."

இரண்டு பேரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அழுதார்கள். ராஜ்குமாருக்குக் கிட்டே போகக் கால் எழவில்லை.

"நாளைக்கே சார்கிட்ட போன்ல சொல்லிடறேம்மா," என்றான் தரையைப் பார்த்து.

"போன்ல பாதியில முழுங்கிடுவீங்க. எழுதுங்க. இப்பவே!" என்றாள் அருணா.

எழுதினான். 'உங்கள் வீட்டில் இரண்டு ஞாயிறு புல் வெட்டியவர் என்னைப் பெற்ற தாய். அன்று அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெட்கப்பட வேண்டியவன் நான்.' எட்டாவது வரை படித்த செல்வம்மாள் தாளை வாங்கி நிதானமாகப் படித்தாள்.

"அந்த வீட்டம்மா மோர் குடுத்து, நாற்காலி போட்டு உக்காரச் சொன்னாங்க. நான்தான் உக்காரல. அதையும் எழுது. அவங்களைக் குத்தம் சொன்னாப்புல இருக்கக் கூடாது."

அந்த வரியில் பேனா நின்றது. கண்ணீர் விழுந்து 'நாற்காலி' கலங்கியது. வேறு தாள் எடுக்கப் போனவனின் கையைச் செல்வம்மாள் பிடித்து அழுத்தினாள்.

"இருக்கட்டும் சாமி. அப்படியே போவட்டும்."

வீட்டில் கோந்து இல்லை. அருணா நாலு சோற்றுப் பருக்கை கொண்டுவந்தாள். ராஜ்குமார் நசுக்கித் தடவி உறையை ஒட்டினான். பச்சை கேட் வீடு கெலமங்கலம் போகிற வழியில்தான். திம்மராயன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மொபெட்டைக் கிளப்பினார்.

"கட்டைப்பைய உள்ள கொண்டுபோய் வை அக்கா. என் வண்டியில எடமில்ல."

மொபெட் தெருமுனையில் நிற்காமல் திரும்பி மறைந்தது.