மேற்கே கிடந்த தார்ப்பாய்

துருப்பிடித்த சுவிட்சு ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு ரோச் வந்து நின்றபோது ஜெயஷீலா மதியச் சாப்பாட்டை முடித்திருக்கவில்லை. மின் விபத்து எப்படி நேர்ந்தது என்று ஆராய்ந்து சொல்வது அவருடைய தொழில். வக்கீல்களும் இன்சூரன்ஸ்காரர்களும்தான் அவரைத் தேடி வருவார்கள். சோலார் பம்பு மெக்கானிக் ஒருவன் இப்படி வந்தது இதுதான் முதல் தடவை.

"இத மாத்தாம வயர நேரா இணைச்சுக் குடுத்தேன் மேடம். அதனால ஒரு உசுரு போச்சு. நான்தான் கொன்னேன்னு சொல்லுதாவ. நாளைக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கு. போனா திரும்ப விடமாட்டாவ."

"உக்காருங்க. மொதல்லருந்து சொல்லுங்க" என்றார் ஜெயஷீலா, கையைக் கழுவிக்கொண்டு.

அவருடைய உதவியாளன் ஷாம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது அவனுக்கு.

கீழவைப்பாருக்கு மேற்கே சிவனணைந்தபெருமாளுக்கும் அவர் தம்பி சிவபாலனுக்கும் பொதுவாக ஒரு கிணறு. மின் இணைப்புக்கு எழுதிப் போட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். டீசல் விலை தாங்கவில்லை. கடைசியில் மானியத்தோடு சோலார் பம்பு வாங்கினார்கள். உச்சிப் பொழுது வரைக்கும் தண்ணீர் அண்ணனுக்கு, அதற்குப் பிறகு தம்பிக்கு. சூரியன் சும்மாதான் காய்கிறான். அதைப் பிடித்து வைக்கிற சாமான்தான் சும்மா வருவதில்லை. உப்பளத்துக் காற்றில் சுவிட்சு மூன்றாவது தடவையாகச் செத்துப்போனது. உப்புக் காற்றால் கெட்டதற்கு வாரண்டி கிடையாது என்று கம்பெனி கையை விரித்துவிட்டது. புதுசு வாங்க அண்ணன் பங்கு கேட்டார், தம்பி மறுத்தான். பேச்சு தடித்துப் போனது.

"பயிரு கருகுதுன்னு பெருமாள் அண்ணாச்சி கெஞ்சினாவ. மனசு கேக்காம சுவிட்ச விட்டுட்டு நேரா இணைச்சேன். பேனல்ல வெயிலு விழுத வரைக்கும் வயர்ல கரண்டு இருக்கும், தொடணும்னா தார்ப்பாயப் போட்டு மூடிட்டுத் தொடுங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். இணைப்புல உப்பு படிஞ்சிருச்சுன்னு மூடிட்டுத்தான் பிரிச்சிருக்காவ. காத்து தார்ப்பாயத் தூக்கிட்டு போயிருச்சாம். உச்சி சாஞ்ச நேரத்துல கரண்டு அடிச்சு அங்கனயே போயிட்டாவ."

ஊர்க்காரர்கள் அன்றைக்கே எடுத்த படங்கள் ரோச்சின் போனில் இருந்தன. முதல் படத்தில் மோட்டார் அறையின் பின்சுவர், அதில் பிரிந்து தொங்கிய வயர். கீழே, துணி போர்த்திய பெருமாளின் உடல். அடுத்ததில் பேனல் வரிசை. அதற்கு மேற்கே, வயல் பக்கம், தார்ப்பாய் தரையில் கிடந்தது. மேலே நாலைந்து கற்கள் இருந்தன. பின்னால் நின்ற பனைகளின் ஓலைகள் எல்லாம் கிழக்கே கடலைப் பார்த்துச் சாய்ந்திருந்தன. மூன்றாவது படத்தில் வாய்க்கால் காய்ந்து கிடந்தது. அண்ணன் வயலுக்குப் போகும் மடை மண் வைத்து அடைபட்டிருக்க, தம்பி வயலுக்குப் போகும் மடை திறந்திருந்தது.

"யாராவது எதையாவது நகத்தினாங்களா?"

"பெருமாள் அண்ணாச்சியத் தவிர வேற எதையும் தொடல மேடம். சிவபாலன் அண்ணாச்சி போட்ட சத்தத்துல ஓடிப்போனவங்க எடுத்த படம் இது. அண்ணாச்சி வேம்பார் சந்தையில இருந்து அப்பத்தான் வந்தாவளாம்."

காரில் போகும்போது ஷாமுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அக்கா, இது கம்பெனிக்காரன் வேலை. பெருமாள் புகார் குடுத்துருவாருன்னு பயந்து ஆள் வச்சு முடிச்சிருப்பான்."

"இருக்கலாம்" என்றார் ஜெயஷீலா. அவர் அப்படிச் சொன்னால் இல்லை என்று பொருள்.

வயலில் கத்தரிச் செடிகள் தலை தொங்கி நின்றன. மேற்கிலிருந்து வீசிய கச்சான் காற்று புழுதியை அள்ளிக் கடல் பக்கம் கொண்டுபோனது. ஜெயஷீலா திறந்திருந்த மடையிலிருந்து பேனல் வரை நடந்தார். அங்கே நின்று மோட்டார் அறையைப் பார்த்தார். முன்வாசல் தெரிந்தது, ஆள் செத்துக்கிடந்த பின்சுவர் தெரியவில்லை. ஷாமையும் அதே இடத்தில் நிற்கவைத்து என்ன தெரிகிறது என்று கேட்டார். அவனும் அதையே சொன்னதும் அவர் முகம் வாடியது. ஷாமுக்குக் காரணம் விளங்கவில்லை.

வீட்டில் பெருமாளின் மனைவி சண்முகத்தாய் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஒரே மகள். ஆண்பிள்ளை இல்லாததால் சிவபாலன்தான் கொள்ளி வைத்தான். மொட்டையடித்த தலையோடு அவன் வாசலில் நின்றான். ரோச்சைக் கண்டதும் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"தார்ப்பாயைக் காத்து தூக்கல" என்று மெதுவாகத் தொடங்கினார் ஜெயஷீலா. "இப்ப அடிக்கிறது கச்சான். அன்னைக்கும் அதுதான் அடிச்சிருக்கு. படத்துல பனையோலை சொல்லுது. கச்சான் தூக்கியிருந்தா தார்ப்பாய் கிழக்க கிடக்கணும். அது மேற்க கிடந்துச்சு. அதுமேல கல்லும் இருந்துச்சு. காத்து கல்லெடுத்து வைக்காது."

"அப்ப யாரோ வேணும்னே..." என்று ஷாம் எழுந்துவிட்டான்.

"பொறு. உப்பு அம்பாரத்தத் தார்ப்பாய் போட்டு மூடிப் பழகின ஊரு இது. எவ்வளவு அவசரமா தார்ப்பாய இழுத்தாலும், பறந்துராம அதுமேல கல்ல வைக்க இங்க யாருக்கும் கை தன்னால போகும். வெளியூர் ஆளுக்கு அந்தப் பழக்கம் வராது."

"ஊருக்குள்ள யாரு?" என்று கேட்டாள் சண்முகத்தாய்.

"மடை சொல்லுதும்மா. பம்பு பிரிஞ்சு கெடக்குன்னு உங்க வீட்டுக்காரருக்குத் தெரியும். அவரு மடைய மாத்தியிருக்க மாட்டாரு. இப்ப தண்ணி வரும்னு நம்பின ஒருத்தருதான் அண்ணன் மடைய அடைச்சு, தம்பி மடையத் திறந்திருக்காரு. அப்ப உச்சி சாஞ்சிருச்சு. அது யாரோட முறை?"

சிவபாலனின் கை நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டது.

"இன்னொண்ணும் அந்த மடைதான் சொல்லுது. கொல்ல வந்தவன் மடை திறக்கமாட்டான். அவரு தண்ணிக்குத்தான் வந்தாரு. பின்சுவர்ல அண்ணன் இருக்கது பேனல் பக்கம் நின்னா தெரியாது. நான் நின்னு பாத்தேன்."

சிவபாலன் வாசற்படியில் உட்கார்ந்தான். "சுவிட்சுக்குப் பங்கு தரலன்னு என் முறையில மூடிப் போட்டுட்டான்னு நெனச்சேன். ஆத்திரத்துல இழுத்துப் போட்டுக் கல்ல வச்சேன். மோட்டாரப் போட அறைக்குப் போறேன், பின்னால என்னமோ சத்தம். போய்ப் பாத்தா அண்ணன் வயரப் பிடிச்சபடி... இழுக்கப் போனேன், கரண்டு என்னயும் தூக்கி எறிஞ்சிருச்சு. வயலுக்காகக் கொன்னுட்டான்னு ஊரு சொல்லும்னு பயந்துட்டேன் மதினி. சந்தைக்குப் போனதா சொல்லிட்டேன்."

"நான் கம்பி எண்ணட்டும்னு விட்டுட்டீயளே அண்ணாச்சி" என்றான் ரோச். அந்தக் குரலில் கோபம்கூட இல்லை. அதைக் கேட்க ஷாமுக்குத் தாங்கவில்லை.

சிவபாலன் தலையை நிமிர்த்தி ஜெயஷீலாவைப் பார்த்தான். "தார்ப்பாய மறுபடி இழுத்து மூடியிருந்தா, பொழச்சிருப்பானா?"

ஷாமுக்கு விடை தெரியும். வெயில் மறைந்தால் மின்சாரம் நிற்கும். அதைச் சொல்லிவிடாதே என்று அவன் மனத்துக்குள் கெஞ்சினான்.

"பொழச்சிருக்கலாம்" என்றார் ஜெயஷீலா.

சண்முகத்தாய் அழவில்லை. எழுந்து வந்து சிவபாலனின் வலது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "ஏலே, இந்தக் கையாலயா அவருக்குக் கொள்ளி வச்ச?"

அவன் வாய்விட்டு அலறினான். அவள் கையை விட்டுவிட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவனே சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான். ஸ்டேஷனுக்குத் தன்னைக் கூட்டிப்போகச் சொன்னான். ரோச்சும் கூடவே எழுந்தான். சுவிட்சு இல்லாமல் இணைத்தது தான்தான், அதையும் சொல்லத்தான் வேண்டும் என்றான். ஜெயஷீலா தலையசைத்தார்.

கார் கதவருகே சண்முகத்தாய் வந்து நின்றாள். "காத்து தூக்கிருச்சுன்னே இருந்திருக்கக் கூடாதா, தாயி? புருசன் போயிட்டாரு. வயலப் பாக்க இவன் ஒருத்தன் இருந்தான். இப்ப அவனும் போறான். உனக்கு இதுல என்ன கெடச்சுது?"

"ஒண்ணும் கெடைக்கல, அம்மா" என்றார் ஜெயஷீலா. "ரோச் வீட்டுலயும் ஒருத்தி சோறு வடிச்சு வச்சிட்டு உக்காந்திருக்கா."

சண்முகத்தாய் பின்சீட்டைப் பார்த்தாள். கொழுந்தனும் மெக்கானிக்கும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தார்கள். அவள் ரோச்சை மட்டும் வெகுநேரம் பார்த்தாள்.

"சரி, இவனாவது வீட்டுக்குப் போய்ச் சேரட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.