பூட்டிய அறையிலிருந்து ஒரு சிரிப்பு

அந்த மழைக்கு எத்தனை முறை நன்றி சொன்னாலும் தகும் என்று அவள் இன்றும் நினைக்கிறாள். அன்று மட்டும் அவள் வாயிலிருந்து வந்தது நன்றி அல்ல...

"கண்ணு எங்க இருக்கு உங்களுக்கு?"

ஆராய்ச்சிக் கட்டடத்தின் வாசலில் ஒருவன் ஈரக்குடையை உதறினான். தண்ணீர் மொத்தமும் பின்னால் வந்த அவள் மீது! அவளுக்கு அன்று வேலையில் முதல் நாள் வேறு.

அவன் திரும்பினான். பெரிய, பயந்த கண்கள்... இமையில்கூட மழைத்துளி.

"ஐயோ, சாரிங்க! பின்னாடி யாரும் இல்லன்னு நினைச்சேன்."

"நினைச்சா போதுமா? திரும்பிப் பார்க்க வேண்டாம்?"

"பார்த்திருக்கலாம்தான்..." என்றவன், "இப்போ பார்த்துட்டேன்," என்றான் மெதுவாக.

இன்னும் நாலு திட்டு திட்ட நினைத்தவளுக்கு ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. ஆளும் அவன் கண்ணும்... சே!

அங்கே மூச்சுத்திணறல் நோய்க்கு ஒரு புது மருந்தைச் சோதிக்கப் போகிறார்கள். நோயாளிகளில் சிலருக்குச் சிறிய அளவு, சிலருக்குப் பெரிய அளவு, சிலருக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை. சோதனை நடக்கும்போதே, எந்த அளவு உதவுகிறதோ அதற்கு மென்பொருள் சத்தமில்லாமல் அதிகப் பேரை அனுப்பும். அந்த மென்பொருளை வைத்துச் சோதனைக்குத் திட்டம் போடுவதுதான் அவள் வேலை. நிஜ நோயாளி ஒருவர் வருவதற்கு முன்பே, கணினிக்குள் ஆயிரக்கணக்கான பொய்ச் சோதனைகளை ஓட்டி, எங்கே சறுக்கும் என்று பார்த்துவிடுவாள்.

ஆனால் சோதனை தொடங்கிவிட்டால் முடிவுகள் அவள் கண்ணில் படக்கூடாது. நடுவில் அவற்றைப் பார்க்க அங்கே ஒரே ஒருவருக்குத்தான் அனுமதி. அவர் பூட்டிய அறையில் கணக்குப் போட்டு, வெளியிலிருக்கும் நிபுணர் குழுவுக்கு மட்டும் அனுப்புவார். வேறு யாரிடமும் மூச்சுவிடக் கூடாது. தெரிந்துவிட்டால் டாக்டர்களுக்கு ஆசையோ பயமோ வந்து சோதனையே கெட்டுப்போகும்.

"அந்த ஒருத்தர் இவர்தாம்மா," என்று சோதனையை நடத்தும் பெரிய டாக்டர் அறிமுகப்படுத்தினார். பார்த்தால்... குடைக்காரன்!

அவனுக்குப் 'பூட்டு' என்று பெயர் வைத்தாள். அவனும் கோபித்துக்கொள்ளவில்லை. காபி மெஷின் அருகே தினமும் அரட்டை. சோதனையைத் தவிர உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் பேசினார்கள்.

"என்னடி, வாயைத் திறந்தா பூட்டு, பூட்டுங்கிற?" என்று வீட்டில் அக்கா சீண்டினாள்.

"சும்மா இரு அக்கா!" முகம் மட்டும் சிவந்துபோனது.

பிறகு அந்த நாள் வந்தது. நடுக்கட்ட முடிவுகளை அவன் முதன்முதலாகப் பார்க்கும் நாள். கதவைத் திறந்து வெளியே வந்தவன் அவளைக் கண்டதும் சிரித்தான். அப்படி ஒரு சிரிப்பு, முகமெல்லாம்...

"என்ன பூட்டு சார், சிரிப்பைப் பார்த்தா மருந்து நல்லா வேலை செய்யுது போலிருக்கே!"

விளையாட்டாகத்தான் கேட்டாள். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான். மறுநாளிலிருந்து அவள் லிஃப்டில் வந்தால் அவன் படியில் இறங்கினான். அவள் சாப்பிடும் நேரத்தில் அவன் சாப்பிடுவதில்லை.

'அப்படி என்ன கேட்டுட்டேன்? இவர் சொத்தையா எழுதி வாங்கிட்டேன்?'

"நீயே போய்க் கேளேன்டி," என்றாள் அக்கா.

"நானா? என் செருப்புகூட அந்தப் பக்கம் போகாது!"

போகவும் இல்லை. ஆனால் அந்தப் பாராமுகத்தைத் தினமும் தாங்க முடியவில்லை. சோதனை முடிந்ததும் தன்னை வேறு ஊர்க் கிளைக்கு மாற்றிவிடும்படி பெரிய டாக்டரிடம் கேட்டுவிட்டாள். அவரும் மனமில்லாமல் தலையாட்டினார்.

முடிவுகளை எல்லோருக்கும் திறந்து காட்டிய நாளே அங்கு அவளுக்குக் கடைசி நாள். பெரிய அளவு மருந்து ஜெயித்திருந்தது! நாலடி நடந்தால் மூச்சு வாங்கியவர்கள் இப்போது மாடிப்படி ஏறுகிறார்களாம். பெரிய டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவளும் கை வலிக்கத் தட்டிவிட்டு, பையை அடுக்க வந்தாள்.

மேசைக்கு எதிரே அவன்.

"இனிமே பேசலாம்னு வந்தேன்..."

"நல்ல நேரம் பார்த்தீங்க. நாளைக்கு நான் இங்க இல்ல."

"தெரியும். ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போயிடறேன். அன்னைக்குச் சேர்ந்திருந்த ஆளுங்க கொஞ்சம்தான், நான் பார்த்த நம்பர் எதுவுமே நல்லா இல்லங்க. மருந்து தோத்துடும்னுதான் நினைச்சேன். மனசு விட்டுப்போய் வெளிய வந்தா... நீங்க நிக்கறீங்க. அதான் சிரிச்சேன்."

கையிலிருந்த புத்தகம் அப்படியே நின்றது.

"அதை... அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"எப்படிச் சொல்றது? 'சிரிச்சது மருந்துக்காக இல்ல'ன்னா, நம்பர் மோசம்னு கண்டுபிடிச்சிடுவீங்க. 'ஆமா'ன்னா பொய். என் மூஞ்சிக்கு நடிக்கவும் வராது, உங்களைப் பார்த்தா அது என் பேச்சைக் கேக்கறதே இல்ல. அதான் பார்க்காமலே இருந்துட்டேன்."

ஒரே ஒரு சிரிப்பை வைத்து முடிவுகட்டியது யார்? புள்ளியியல் படித்த இவள்தான்! அன்று ஒரு சொல் கசிந்திருந்தாலும் டாக்டர்கள் சோர்ந்திருப்பார்கள், நோயாளிகளைச் சேர்த்திருக்கவே மாட்டார்கள். இன்று மாடிப்படி ஏறுகிறவர்களுக்காக இந்த மனுஷன் வாயை மூடிக்கொண்டு அவள் கோபத்தையும் சுமந்திருக்கிறான்.

"உங்களுக்கு நான் நன்றிதான் சொல்லணும்..." குரல் உடைந்தது.

"நன்றி வேண்டாங்க. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. நீங்க என்ன பதில் சொன்னாலும் சரி."

அவள் புத்தகத்தைப் பையில் வைக்கவில்லை. மேசையிலேயே வைத்தாள்.

"உங்களைத் திட்டாம நான் ஒரு நாள்கூடத் தூங்கினதில்ல, தெரியுமா? பிடிக்காத ஆளை யாராவது இவ்வளவு நாள் திட்டிட்டிருப்பாங்களா?"

"அப்படின்னா...?"

"அப்படின்னா எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு. பெரிய டாக்டர் கிளம்புறதுக்குள்ள போய் மாற்றல் வேண்டாம்னு சொல்லணும். தனியாப் போகக் கூச்சமா இருக்கு... கூட வர்றீங்களா?"