காலியான ஐந்து கிழமைகள்

"இதுல எது விஷம்? சொல்லு!"

"விஷம்னு எதுவும் இல்ல தம்பி... முதல்ல அந்த ஆளை இறக்கி விடு!"

"இவனையா? என் தங்கச்சி ஆஸ்பத்திரியில சாகக் கிடக்கா. இவன் தொங்குறதுதான் உனக்குப் பெருசா?"

சங்கிலி கிறீச்சிட்டது.

லாரி எஞ்சின் தூக்கும் சங்கிலியில், எஞ்சினுக்குப் பதில் ஒரு மனிதன். தலைகீழாக!

உதட்டு ரத்தம் மூக்கைத் தாண்டி நெற்றிக்கு வந்து, கிரீஸ் தரையில் சொட்டியது.

தொங்கியவன், தங்கையின் கணவன். லாரி டிரைவர். தொங்கவிட்டவன், அவளுடைய அண்ணன். பட்டறை முதலாளி. பட்டறையில் அவன் பெயர் ஸ்பானர்.

மருந்துக்கடைக்கார அம்மாளைப் பத்து நிமிடம் முன்புதான் கடையிலிருந்து இழுத்து வந்திருந்தான். ஒரு கால் செருப்பு வழியிலேயே போய்விட்டது. அவன் நீட்டிய மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தாள்.

"சரியான மாத்திரைதான். மனச்சோர்வுக்கு டாக்டர் எழுதினது. ட்ரைசைக்ளிக்னு பழைய வகை. ராத்திரி ஒண்ணு போடணும். வாய் வறளும், தூக்கம் வரும், சட்டுனு எழுந்தா தலை சுத்தும்..."

"தலை சுத்தலையே! நெஞ்சு படபடன்னு அடிச்சு, கண்ணு சொருகி, வெட்டி வெட்டி இழுத்துச்சே!"

இரும்பு ஸ்பானர் சுழன்றது.

மளுக்!

தொங்கியவனின் விலா எலும்பு.

"ஐயோ... மச்சான்! நான் அஞ்சு நாளா ஊர்லயே இல்ல மச்சான், இப்பத்தான் லோடு இறக்கிட்டு வர்றேன்..."

"அதான்டா சந்தேகமே! மாத்திரையை மாத்தி வச்சுட்டு நழுவிட்ட. அடுத்த அடி மண்டையில..."

ஸ்பானர் தலைக்கு மேல் உயர்ந்தது.

"நில்லு!" அம்மாளுக்கே தன் குரல் புதிதாக இருந்தது. "அவ மாத்திரை டப்பா எங்க?"

சட்டைப்பையிலிருந்து எடுத்து வீசினான். ஏழு அறை. ஏழு கிழமை. ஐந்து காலி.

"தினமும் ஒழுங்கா போட்டாளா?"

"எங்க போட்டா? புருஷன் பக்கத்துல இல்லேன்னா அவளுக்குத் தண்ணி குடிக்கக்கூடத் தோணாது. காலையில போய்ப் பார்த்தா, அஞ்சு நாள் மாத்திரையும் அப்படியே கிடக்கு!"

அம்மாள் காலி அறைகளை மறுபடி எண்ணினாள்.

"அப்ப... இப்ப ஏன் காலி?"

"நான்தான் பக்கத்துல உக்காந்து குடுத்தேன்."

"எத்தனை?"

"விட்டது அத்தனையும்!" நெஞ்சை நிமிர்த்தினான். "ஆயில் குறைஞ்சா குறைஞ்ச அளவு ஊத்தி நிரப்பணும். இருபது வருஷ சர்வீஸ்ல ஒரு எஞ்சின் சீஸ் ஆகி இறுகி நின்னதில்ல!"

"அடப்பாவி! அவ என்ன எஞ்சினா?"

ஸ்பானர் அந்தரத்தில் நின்றது.

"விட்டது விட்டதுதான். சேர்த்துப் போடவே கூடாது! அளவு மீறினா இது நேரா இதயத்துல கை வைக்கும். நாலஞ்சு நாள் விட்டுப்போனா டாக்டரைக் கேட்டுட்டுத்தான் மறுபடி ஆரம்பிக்கணும். எனக்கு ஒரு போன் அடிச்சிருக்கலாமே... ஆஸ்பத்திரியில என்ன சொன்ன?"

"இவன்... இவன் விஷம் வச்சுட்டான்னு..."

அவன் சட்டைப்பையிலிருந்த செல்போனைப் பிடுங்கினாள். மனப்பாடமான ஆஸ்பத்திரி எண்ணைத் தட்டினாள்.

"டாக்டர், காலையில மயங்கி வந்த பொண்ணு... விஷம் இல்ல. ட்ரைசைக்ளிக்! அஞ்சும் ஒரே நேரத்துல... பேர் சொல்றேன், எழுதிக்குங்க..."

மறுமுனையில் பரபரப்பு. ஓடும் காலடிகள். யாரோ யாரையோ கத்தி அழைத்தார்கள். ஒரு நிமிடம்... இரண்டு... ஐந்து...

குரல் திரும்பி வந்தது.

"நல்ல வேளை சொன்னீங்க! இல்லாத விஷத்தைத் தேடிக்கிட்டிருந்தோம். அதுக்கான மருந்து ஏத்தியாச்சு, துடிப்பு சீராகுது. பொழைச்சுக்குவாங்க. ஆமா... குடுத்தது யாரு?"

அம்மாள் அண்ணன்காரனைப் பார்த்தாள்.

அவன் கையிலிருந்து இரும்பு ஸ்பானர் நழுவி விழுந்தது. பட்டறை முழுக்க அதிர்ந்தது.

"நானா...? என் பாப்பாவுக்கு... என் கையாலயா?"

கிரீஸில் முகம் புதைத்து விம்மினான்.

மேலிருந்து ஓர் ஈனக்குரல்.

"மச்சான்... உங்க தங்கச்சிக்கு விஷம் வச்சவனைக் கண்டுபிடிச்சாச்சு, ரொம்ப சந்தோஷம்... அழுது முடிக்கிறதுக்குள்ள அந்தச் சங்கிலியைக் கொஞ்சம் இறக்கி விடுறீங்களா?"